சாமி நம்பிக்கை இல்லாதவன் பிள்ளையார் நோன்புல இழை எடுத்துக்கலாமா?

வளவுப்பையன்:

எல்லாருக்கும் வணக்கம். காரைக்குடி பக்கம் ஊரு, நகரத்தார் வீடு, எங்க குடும்பம் சேர்ந்தது இளையாத்தங்குடிக் கோயில், இப்ப சென்னைல சாஃப்ட்வேர் வேலை. நேரா விஷயத்துக்கு வர்றேன், எனக்கு சாமி நம்பிக்கை இல்ல. காலேஜ்ல யாரும் கெடுத்துவிடல, எதையோ படிச்சு மண்டை குழம்பவும் இல்ல, வேண்டிக்கிட்டது நடக்கலைங்கற கோவமும் இல்ல. சின்னப்பிள்ளைல நல்லாவே இருந்துச்சு, எப்ப போச்சுனே தெரியல. ஒருதடவை பிள்ளையார்பட்டில கண்ணை மூடி நிக்கிறப்ப, நான் வேற யார்கிட்டயும் பேசல, என்கிட்டயேதான் பேசிக்கிட்டு இருக்கேன்னு பட்டுச்சு, அம்புட்டுதான்.

இப்ப என்ன பிரச்சினைன்னா கார்த்திகை தீபம் முடிஞ்சு அப்பத்தா கோடி வேட்டில, அதான் புது வேட்டில இருந்து தினம் ஒரு நூல் எடுத்து வைக்க ஆரம்பிச்சுட்டாக. 21 நூல் சேரணும், திரியாத் திரிக்கணும், மார்கழில சஷ்டியும் சதயமும் கூடுற அன்னிக்கு நோன்பு. வெளியூர்க்காரங்களுக்குத் தெரியாதுல்ல அதனால சொல்றேன், வெல்லமும் நெய்யும் போட்டுப் பிசைஞ்ச இழை மாவை சின்னதாப் பிடிச்சு அதுல இந்தத் திரியை வச்சு ஏத்தி வீட்ல மூத்தவுக ஒவ்வொருத்தருக்கா குடுப்பாக, எரியிற திரியோட அப்படியே வாயில போட்டு முழுங்கணும். இதான் இழை எடுத்துக்கறது. கடல்ல புயல்ல மாட்டி 21 நாள் தவிச்ச நம்ம ஆளுங்க பிள்ளையாரை வேண்டிக்கிட்டு கரை சேர்ந்தப்ப கையில ஒண்ணும் இல்லாம கட்டியிருந்த வேட்டில நூல் உருவி திரி போட்டு நோன்பை முடிச்சாகனு கதை சொல்வாக. கதை எனக்கும் பிடிக்கும்.

போன வருஷம் ஆபீஸ் வேலைனு சாக்கு சொல்லித் தப்பிச்சேன். இந்த வருஷம் முடியாது, கல்யாணப் பேச்சு வேற ஓடுது. நம்மள்ல நாம சேர்ந்த கோயில்ல இருந்து மாலை வந்தாத்தான் கல்யாணம், அப்பறம்தான் நாமளும் ஒரு புள்ளி, அதாவது கோயில் கணக்குல வரி கட்டுற ஒரு குடும்பம். நம்பாம போய் பிள்ளையார் முன்னாடி கையை நீட்டி வாங்கறது ஏமாத்து வேலையா இல்லையா? நம்புறவங்க கிட்டயும் ஒண்ணு கேக்கணும், உங்களுக்கு அந்த உறுதி எங்க இருந்து வருது? பெரியவங்க சொன்னாங்க, ஊரே கும்பிடுது, அந்தப் பதில் வேணாம். வம்புக்கு கேக்கல, நிஜமாவே தெரிஞ்சுக்கணும்.

தேவகோட்டை ஆச்சி:

தம்பி நீ எழுதினதை ரெண்டுதரம் படிச்சேன். முதல்ல கோவம் வந்துச்சு அப்பறம் வரல. உறுதி எங்க இருந்து வருதுனு கேட்டியே, எனக்கு உறுதியெல்லாம் ஒண்ணும் கிடையாது தம்பி. எங்க வீட்டுக்காரவுக படுத்த படுக்கையா இருந்தப்ப நான் கும்பிடாத சாமி இல்ல, குன்றக்குடி மலை ஏறி எறங்கி வைரவன்பட்டில விளக்குப் போட்டு நாட்டரசன்கோட்டை கண்ணாத்தாளுக்கு நேர்ந்துக்கிட்டு எல்லாம் செஞ்சேன். போய்ட்டாக. கேட்டது கிடைச்சதனால நான் கும்பிடல, அதைத்தான் சொல்ல வர்றேன். பதினாறு முடிஞ்சு சொந்தக்காரவுக எல்லாம் கெளம்பிப் போன பிறகு அம்புட்டுப் பெரிய வீட்ல நான் ஒருத்தி, சாயங்காலம் ஆனதும் கை தானா விளக்குக்கிட்ட போச்சு. அந்த நேரத்துல ஒரு ஆளு என் கூட இருந்த மாதிரி இருந்துச்சு. அது சாமிதானா, இல்ல நாப்பது வருசப் பழக்கமானு என்னால பிரிச்சுச் சொல்ல முடியாது. நான் சாமினு வச்சுக்கிட்டேன்.

இழை எடுத்துக்கறதுக்கு வருவோம். நீ நம்புறியா நம்பலையானு அங்க யாரும் கேக்கப் போறதில்ல. உங்க அப்பத்தா குடுக்கறது உனக்கு, பிள்ளையாருக்கு இல்ல. வயித்துப்பிள்ளைக்காரிக்கு ரெண்டு இழை குடுக்கறோமே, அந்த வயித்துல இருக்கறது என்ன நம்பிக்கையைக் கண்டுச்சு? எடுத்துக்க. பயந்துக்கிட்டு ஊதி அணைச்சுறாத, நாக்குல வச்ச ஒடனே வாயை மூடிரு, காத்து இல்லாம தானா அணைஞ்சு போகும், சுடாது. மெல்ல மெல்ல மூடுறவனுக்குத்தான் உதடு பொத்துப்போகும்.

கருப்புச்சட்டை (காரைக்குடி):

தம்பிக்கு முதல்ல பாராட்டு, இதை வெளிய கேக்கவே நம்ம ஊர்ல தைரியம் வேணும்.

செட்டிநாடுன்னாலே கோயில், காவடி, விபூதின்னு ஒரு படத்தைக் காட்டி வச்சிருக்காங்க. அது பாதிதான். இந்தக் காரைக்குடில இருந்துதான் இராம. சுப்பையா அய்யா சுயமரியாதை இயக்கத்துல நின்னாரு, கடைசி வரைக்கும் நின்னாரு. பெரியார் இங்க எத்தனையோ மேடை பேசியிருக்காரு, கல்லும் விழுந்திருக்கு மாலையும் விழுந்திருக்கு. அதனால நான் மட்டும்தான் இப்படி ஒருத்தனோனு நினைக்காதீங்க, உங்களுக்கு முன்னாடி இந்த ஊர்லயே ஒரு வரிசை இருக்கு.

ஆச்சி உருக்கமா எழுதிட்டாங்க, அவங்க துக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனா நான் கேக்குற கேள்வி வேற. பர்மால நம்மாளுங்க வட்டிக்குக் கடன் குடுத்து லேவாதேவி பண்ணுனப்ப பேரேட்டுல சாமி பேர்லயும் ஒரு கணக்கு, சாமி பங்கை மகமைனு எடுத்து வச்சுட்டுத்தான் மிச்சம். ஊருக்கு ஊர் தண்டாயுதபாணி கோயில், முருகனே பெரிய செட்டியார்ங்கற மாதிரி. 1930 வாக்குல உலகம் பூரா மந்தம், நெல் விலை படுத்துருச்சு, வாங்குனவன் கட்ட முடியல, அடமானம் முழுகிப் போச்சு. கீழ் பர்மாவோட முக்கியமான நெல் மாவட்டங்கள்ல 1930ல 6 சதவீத நிலம்தான் நம்மாளுங்க கையில, 1938ல 25 சதவீதம். நம்மாளுங்க வேணும்னு பிடுங்கலதான், நிலத்தை வச்சு என்ன செய்யிறதுனு தெரியாமத் தவிச்சவங்களும் உண்டு. ஆனா அந்த நிலத்தை இழந்த பர்மாக்காரன் அவன் புத்தர் கோயில்ல போய் மண்டி போட்டிருப்பான்ல? அவனுக்கு யாரு கேட்டா? அப்பறம் 1942ல ஜப்பான்காரன் வந்தான், நம்மாளுங்க அரக்கான் மலைலயும் அசாம் காட்டுலயும் நடந்து வந்தாங்க, வழியில காலராவுல செத்தாங்க, அப்ப இவங்க வேண்டுதலுக்கு யாரு கேட்டா? ரெண்டு பக்கமும் கும்பிட்டாங்க ரெண்டு பக்கமும் போச்சு. விலையும் போரும்தான் எல்லாத்தையும் முடிவு பண்ணுச்சு. இதுல சாமியை எங்க வைக்கிறது, கணக்குல எந்தப் பக்கம் வைக்கிறது, பற்றா வரவா?

இழை எடுக்காதீங்க. கல்யாணத்துக்கும் கோயில் மாலை வேணும்னு சட்டம் ஒண்ணும் இல்ல, 1967லயே அண்ணா சுயமரியாதைத் திருமணத்துக்கு சட்டம் கொண்டுவந்துட்டாரு.

மாத்தூரான்:

அண்ணே சுப்பையா அய்யாவைச் சொன்னீங்க சரி, நம்ம சிறுகூடல்பட்டிக்காரர் கண்ணதாசனை விட்டுட்டீங்களே. அவரும் உங்க மேடைலதான் இருந்தாரு, கடவுள் இல்லைனு பேசுனவருதான், அப்பறம் திரும்பி வந்து இந்து மதத்தைப் பத்தி எழுதுன எழுத்து எத்தனை வீட்டு அலமாரில இருக்கு. அது ஏன் உங்க வரிசைல வரல?

கருப்புச்சட்டை (காரைக்குடி):

ஒருத்தர் திரும்பி வந்தார்னா சாமி இருக்குனு ஆயிருமா தம்பி? அப்படின்னா திரும்பாதவங்களை வச்சு இல்லைனு நான் சொல்லிக்கலாமே. கவிஞர் மேல எனக்கு மரியாதை உண்டு, பாட்டுக்காக.

கோவிலூரான்:

ரெண்டு பேரும் வரவு செலவுக் கணக்கு பார்க்குற சாமியைப் பத்தியே பேசுறீங்க, கேட்டா குடுக்கணும், குடுக்கலைன்னா இல்ல. வளவுப்பையன் தம்பி, நீங்க எந்த சாமி இல்லைனு சொல்றீங்கனு மொதல்ல தெளிவு பண்ணிக்கணும். காரைக்குடிப் பக்கத்துலயே கோவிலூர் மடம் இருக்கு, முத்துராமலிங்க ஆண்டவர் ஆரம்பிச்சது, தமிழ்லயே வேதாந்தம் சொல்லிக்குடுக்கற இடம். கைவல்லிய நவநீதம்ங்கற வேதாந்த நூல்லாம் வரிக்கு வரி பாடம் நடக்கும், மாணவன் கேட்டுக்கிட்டே இருப்பான் குரு சொல்லிக்கிட்டே இருப்பாரு. நானும் கொஞ்ச காலம் போய் ஒக்காந்திருக்கேன். அங்க சொல்ற பிரம்மம் உங்க வேண்டுதலைக் கேட்டுக்கிட்டு மேல ஒக்காந்திருக்கிற ஆள் கிடையாது. பிள்ளையார்பட்டில என்கிட்டயேதான் பேசிக்கிட்டு இருக்கேன்னு பட்டுச்சுனு எழுதுனீங்கல்ல, அதைப் போய் அங்க சொன்னீங்கன்னா நாத்திகன்னு திட்ட மாட்டாங்க, சரி அந்த 'நான்' யாருனு பாருங்கனு ஒக்கார வச்சிருவாங்க.

இன்னொண்ணு, நம்பாதவனை நம்ம சமயம் வாசல்லயே வெரட்டுச்சுங்கறது சரியில்ல. சிவஞான சித்தியார் பரபக்கத்தை எடுத்துப் பாருங்க, 13ஆம் நூற்றாண்டு சைவ சித்தாந்த நூல், அருணந்தி சிவாச்சாரியார் அடுத்த மதங்களை எல்லாம் வரிசையா எடுத்து மறுக்கிறாரு, அதுல மொத ஆளே உலகாயதன்தான். கண்ணுக்குத் தெரியிறதுதான் நிஜம், ஒடம்பு போனா உசிரும் போச்சுங்கற கட்சி. அவன் வாதத்தை முழுசா சொல்ல விட்டுட்டுத்தான் பதிலுக்கே வர்றாரு. அட குன்றக்குடிலயே ஞானியார் மலைல சமணர் இருந்த குகை இருக்கு, தமிழ் பிராமி எழுத்து இருக்கு. ஒலகத்தைப் படைச்சவன்னு ஒருத்தன் கிடையாதுனு சொல்ற மதம் அது. முருகனுக்கு காவடி எடுத்துக்கிட்டு ஏறுற ஊர்லதான் அதுவும் இருந்திருக்கு. காரைக்குடி இந்து மதாபிமான சங்கத்தை எடுத்துக்கங்க, 1917ல ஆரம்பிச்சது, 1919ல பாரதியே வந்துட்டுப் போனாரு. கும்பிட்டுக்கிட்டே சீர்திருத்தம் பேசுன ஆளுங்களும் நம்ம ஊர்ல இருந்தாங்க, கருப்புச்சட்டை அய்யா வரிசைல அவங்களுக்கும் ஒரு எடம் போடணும்.

வளவுப்பையன்:

கோவிலூரான் அண்ணே நீங்க சொல்றது கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா எனக்கு எப்பவுமே இங்கதான் இடிக்கும். பிரம்மம்னு சொல்லிட்டா அது கேக்காது, பேசாது, யாரையும் காப்பாத்தாது, அது இல்லைனு நான் எதுக்கு வாதாடப் போறேன். ஆனா எங்க அப்பத்தா கும்பிடுற பிள்ளையார் அது இல்ல. அவுக பிள்ளையார் நான் ராத்திரி பஸ்ல வர்றப்ப கூடவே வர்றாரு, டிரைவரைத் தூங்க விடாமப் பாத்துக்கறாரு. விவாதத்துல மாட்டுனா பிரம்மம்ங்கறது, வீட்டுக்குப் போனா மோதகம் திங்கிற பிள்ளையார்ங்கறது, ரெண்டும் ஒண்ணுதான்னா எப்படி?

கோவிலூரான்:

நல்ல கேள்வி. மடத்துல சகுணம் நிர்க்குணம்னு, அதாவது குணமும் உருவமும் உள்ள சாமி, ரெண்டும் இல்லாத பிரம்மம்னு ஒரு பதில் சொல்வாங்க. உங்களுக்கு அது பத்தாதுனு தெரியுது, எனக்குமே சில நாள் பத்தாது.

மலைக்கு நடக்குறவன்:

காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துல வேலை பார்த்து ரிட்டையர் ஆனவன் நான். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் குடுத்து 1948ல நேரு அடிக்கல் போட்ட இடம். இதை ஏன் சொல்றேன்னா விஞ்ஞானம் படிச்சவன் எப்படிய்யா பழநிக்கு நடக்குறனு என்னை ரெண்டு பக்கமும் கேப்பாங்க.

லேப்ல இருந்த புத்தியோட சொல்றேன், சாமி இருக்கா இல்லையாங்கறதை சோதனைல வைக்க முடியாது, ஏன்னா என்ன முடிவு வந்தா இல்லைனு ஒத்துக்குவோம்னு கும்பிடுற யாரும் முன்கூட்டியே சொல்றதில்ல. மழை பெஞ்சா அருள், பெய்யலைன்னா சோதனை. இப்படி எந்தப் பக்கம் விழுந்தாலும் செல்லுபடியாகுற ஒண்ணை வச்சு நான் ஒரு பேப்பர் எழுதியிருந்தா தூக்கி மூஞ்சில எறிஞ்சிருப்பாங்க. அதனால சாமி இருக்குனு நிரூபணம் இருக்குங்கறவங்களை நான் நம்ப மாட்டேன். வாட்ஸப்ல வருமே, பிள்ளையார் நோன்புல நெருப்பு முழுங்கறதுல இருக்கற அறிவியல்னு, அதைப் பார்த்தா எனக்குப் பத்திக்கிட்டு வரும். அதுல ஒரு அறிவியலும் இல்ல, ஆச்சி சொன்ன மாதிரி வாயை மூடினா ஆக்ஸிஜன் இல்லாம அணையும், அவ்வளவுதான்.

ஆனா நான் நடக்குறேன். தைப்பூசத்துக்கு குன்றக்குடில காவடி எல்லாம் வந்து சேர்ந்து கெளம்புறப்ப அந்தக் கூட்டத்துல நானும் இருப்பேன். சிங்கம்புணரி தாண்டி நத்தம் ரோட்டுல விடியக்காலம் நாலு மணிக்கு நடக்குறப்ப பனி கொட்டும், தார் ரோடு ஐஸ் மாதிரி இருக்கும், வெயில் ஏறினா அதே ரோடு சட்டி. கால்ல கொப்புளம் வந்தா ஊசில நூல் கோத்து ஒரு பக்கம் குத்தி மறுபக்கம் இழுத்து நூலை அப்படியே விட்டுருவோம், தண்ணி அது வழியா வடிஞ்சிரும், தோலை உரிச்சுட்டீங்கன்னா அன்னைக்கோட நடை போச்சு. வழில நிக்கிற கிராமத்து ஆளுங்க யாருன்னே தெரியாது, கையைப் பிடிச்சு இழுத்து சுக்குமல்லி காப்பி குடுப்பாங்க, வயசான அம்மா ஒருத்தவங்க காலைத் தொட்டுக் கும்பிட்டுட்டாங்க, எனக்கு கூசிப்போச்சு. காவடிக்காரங்க போயிட்டு திரும்பவும் நடந்தே வருவாங்க, என்னால அது முடியல, வர்றப்ப பஸ்தான். அந்த ரோட்டுல அரோகரா போடறப்ப முருகன் இருக்கானானு என்னைக் கேட்டீங்கன்னா சத்தியமா இருக்கான். திங்கக்கிழமை வீட்டுத் திண்ணைல ஒக்காந்து பேப்பர் படிக்கிறப்ப கேட்டீங்கன்னா தெரியலைம்பேன். ரெண்டுமே பொய்யில்ல. தம்பி மாதிரி எப்பவும் ஒரே பதில் வச்சிருக்கறவங்களைப் பார்த்தா எனக்கு ஆச்சரியம்தான்.

கல்லுக்கட்டி பாய்:

நான் முஸ்லிம், காரைக்குடி கல்லுக்கட்டில கடை. ஒங்க வீட்டு விஷயத்துல மூக்கை நொழைக்கறேன்னு நெனைக்காதீங்க, நோன்பு அன்னிக்கு கருப்பட்டிப் பணியாரம் வருஷா வருஷம் நமக்கும் வந்துரும், அந்த உரிமைல எழுதறேன்.

எங்கள்ல எது செஞ்சாலும் நிய்யத்து வேணும், மனசுல நெனப்பு இல்லாம செஞ்சா அது வெறும் உடற்பயிற்சிதான். அந்தக் கணக்குல பார்த்தா தம்பி கேக்கற கேள்வி நியாயம், ஏமாத்தற மாதிரி இருக்குனு உறுத்துதுல்ல அதுவே நல்ல மனசு. ஆனா எங்க சொந்தத்துலயும் ஒரு மச்சான் இருக்காரு, வெள்ளிக்கிழமைகூட பள்ளிவாசப் பக்கம் பார்க்க முடியாது, ரமலான் மாசம் நோன்புக் கஞ்சிக்கு மட்டும் மொத ஆளா வந்து ஒக்காந்துருவாரு. யாரும் எந்திரினு சொன்னதில்ல. அல்லாவுக்கும் அவருக்கும் உள்ளதை நாம எதுக்கு நடுவுல நின்னு பார்க்கணும்.

நான் எப்படி நம்புறேன்னு கேட்டா, இவ்வளவும் தானா வந்துச்சுனு சொல்றதுக்கு என் மனசு வரல. அம்புட்டுதான், இதுக்கு மேல பெருசா வாதாட எனக்குத் தெரியாது. அந்தப் பெரியவரு பர்மாவைப் பத்தி எழுதுனது மட்டும் மண்டைல ஓடிக்கிட்டே இருக்கு, அதுக்கு நான் மறுமைல தீர்ப்பு இருக்குனு சொல்வேன், அவரு ஒத்துக்க மாட்டாரு.

பேர் வேணாம்:

படிச்சுட்டு போயிரலாம்னுதான் இருந்தேன். முடியல.

நான் நல்லா கும்பிடறவன். பிரதோஷம் தவற விடறதில்ல. எம் பொண்டாட்டி நம்ம ஆளு இல்ல, மதுரைப் பொண்ணு, எங்க ரெண்டு பேர் வீட்லயும் சம்மதிச்சுத்தான் கல்யாணம் நடந்துச்சு. கோயில்ல மாலை கேட்டு எங்க அப்பச்சி, அப்பாதான், போனாக, எந்தக் கோயில்னு சொல்ல விரும்பல. குடுக்க முடியாதுன்னுட்டாங்க. திட்டல, சத்தம் போடல, நாற்காலி போட்டு ஒக்கார வச்சு காப்பி குடுத்து வழக்கம் இல்லைனு சொல்லி அனுப்புனாங்க. அதனால நான் புள்ளி கிடையாது, எங்கிட்ட வரி வாங்க மாட்டாங்க, என் மகனும் நாளைக்கு எந்தக் கணக்குலயும் வர மாட்டான். எம் பொண்டாட்டி கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் பால் பழம்தான். அவளை மாதிரி விரதம் இருக்கறவங்க எங்க பங்காளி வீடுகள்ல ஒருத்தரும் இல்ல.

வளவுப்பையன், நீங்க நம்பாம உள்ள ஒக்காந்துக்கிட்டு வெளிய போகலாமானு யோசிக்கிறீங்க. நான் நம்பிக்கிட்டு வெளிய நிக்கிறேன். உங்க மேல கோவம் இல்ல, நெலமையைச் சொல்றேன்.

இதுல எனக்கு ரொம்ப வலிக்கிறது படைப்புதான். தெரியாதவங்களுக்கு சொல்றேன், படைப்புங்கறது எங்க பங்காளிக எல்லாம் படைப்பு வீட்ல கூடி முன்னோருக்குப் படைக்கறது. எங்களுக்குள்ள படைக்கறது ஒரு ஆத்தாளுக்கு, வாழ வேண்டிய வயசுல போனவுக. புதுச் சேலை எடுத்து மடிச்சு பேழைல, அதான் பெட்டில வச்சு, பங்காளிக வீட்டுப் பொம்பளைக எல்லாம் சேர்ந்து சமைச்சு எலை போட்டு, பழைய சேலையை எடுத்துப் பிரிச்சா அந்தக் கற்பூரமும் பழந்துணியும் கலந்த வாசம் முன்கட்டுப் பட்டாலை வரைக்கும் வரும். இங்க சாமி இருக்கா இல்லையானு இம்புட்டு நேரமா பேசுறீங்க, அந்த ஆத்தா இருந்தாகளாங்கறதுல யாருக்கும் சந்தேகம் கிடையாது. எங்க வீட்ல பொறந்து வளர்ந்து எங்க வளவுல நடந்தவுக. அவுக எனக்கு ரத்தம். அந்தப் படைப்புக்கு இப்ப என்னைக் கூப்பிடறதில்ல. நான் செத்துப்போன ஒரு பொம்பளையைக் கும்பிட விடமாட்டேங்கிறாங்கனு யார்கிட்ட போய்ச் சொல்றது.

தேவகோட்டை ஆச்சி:

அய்யா ராசா. படிச்சுட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் ஓடல. எங்க பங்காளிகள்லயும் இப்படி ஒரு பையன் இருக்கான், கூப்பிடறதில்லதான். இது சாமி செஞ்சது இல்லப்பா, மனுசன் செஞ்சது.

கருப்புச்சட்டை (காரைக்குடி):

நல்லது நடந்தா சாமி, கெட்டது நடந்தா மனுசன். இது என்ன கணக்கு ஆச்சி?

தேவகோட்டை ஆச்சி:

என் வீட்டுக்காரவுக போனதை சாமி செய்யலைனு நான் எங்க சொன்னேன்? அந்தக் கோவம் சாமி மேல இன்னும் இருக்கு, அதை நேரா அவர்கிட்டயே சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன். மாலை குடுக்க மாட்டேன்னு சொன்னது வாயுள்ள மனுசன், அவன் நாளைக்கே மாத்திச் சொல்லலாம். அந்த வித்தியாசம் உங்களுக்குத் தெரியலையா?

கருப்புச்சட்டை (காரைக்குடி):

அப்ப மாத்தச் சொல்லுங்க. நகரத்தார் கூட்டத்துல எந்திரிச்சு நின்னு ஒரு ஆச்சி சொன்னா, நான் நூறு மேடைல பேசறதைவிட அது பெருசு.

இன்னொண்ணும் சொல்லிக்கிறேன், நான் விபூதி பூசுறவங்களை வெறுக்கற ஆள் இல்ல. குன்றக்குடி அடிகளாரும் பெரியாரும் எப்படிப் பழகுனாங்கனு பழைய ஆளுங்களைக் கேளுங்க, மடத்துக்கு வந்த பெரியார் அடிகளார் குடுத்த திருநீறை மறுக்காம வாங்கிக்கிட்டார்னு இன்னைக்கும் நம்ம பக்கம் சொல்வாங்க. அடிகளாரும் சாதியை எதிர்த்துப் பேசுனவருதான். பேர் வேணாம் தம்பிக்கு மாலை குடுக்கணும்னு அவரு இருந்திருந்தா அவரே கேட்டிருப்பாருனு நெனைக்கிறேன்.

மாத்தூரான்:

அண்ணே அப்படின்னா அந்த ஒரே விஷயத்தைச் சொல்லித்தான் நானும் கேக்கறேன், பெரியாரே மரியாதைக்கு திருநீறு வாங்கிக்கிட்டாருனா இந்தத் தம்பி அப்பத்தா மரியாதைக்கு இழை எடுத்துக்கறதை மட்டும் ஏன் வேணாம்ங்கிறீங்க?

கருப்புச்சட்டை (காரைக்குடி):

பெரியார் திருநீறு வாங்கிக்கிட்டதுனால யாரும் அவரை பக்தர்னு எண்ணிக்கல, அவரு யாருனு நாட்டுக்கே தெரியும். இந்தத் தம்பி யாருனு வீட்டுக்கே தெரியாது. சொல்லிட்டு எடுத்துக்கட்டும், நான் குறுக்க வரல.

வளவுப்பையன்:

எல்லாருக்கும் தனித்தனியா பதில் எழுத முடியல, மன்னிச்சுக்கங்க. நடக்குறவர் அண்ணே, எனக்கு எப்பவும் ஒரே பதில்தான் இருக்குனு நீங்க சொன்னது உண்மையானு யோசிச்சுப் பார்த்தேன், ஆமா, ஏதாச்சும் ஒரு நேரத்துலயாவது இருக்குனு தோணுமானு பார்த்தா எனக்கு வரல, இருட்டுல வரல, ஆஸ்பத்திரில வரல. அது எனக்குக் குறையாவும் தெரியல. பாய், பணியாரம் இந்தத் தடவை நானே கொண்டாந்து குடுக்கறேன்.

இழை எடுத்துக்கறதுனு முடிவு பண்ணிட்டேன். ஆனா அப்பத்தாகிட்டயும் அப்பச்சிகிட்டயும் முன்னாடியே சொல்லிட்டு. கட்டிக்கப்போற பொண்ணுகிட்டயும் சொல்லணும், பேச விட்டாங்கன்னா. நோன்பு சுலபம். பேர் வேணாம் அண்ணன் எழுதுனதைப் படிச்ச பிறகு மாலை கேக்கறதுதான் கஷ்டமா இருக்கு. விரதம் இருக்கறவங்க வீட்டுக்கு இல்லாத மாலை, ஒண்ணுமே நம்பாத எனக்கு பொறந்த வீட்டை மட்டும் பார்த்து வந்துரும். அதை வாங்காம இருந்தா அண்ணனுக்கு ஒண்ணும் ஆகப்போறதில்ல, எங்க வீட்ல ரெண்டு குடும்பமும் ஒடைஞ்சு போகும். வாங்குனா வாங்கிட்டேன்னு இருக்கும். இதுக்கு யாராச்சும் வழி சொன்னா கேட்டுக்கறேன்.

பேர் வேணாம்:

வாங்கிக்கங்க தம்பி. வாங்கி புள்ளியா ஆகி கூட்டத்துல ஒக்காருங்க. அங்க பேசறதுக்கு புள்ளியா இருக்கணும், நான் போய்ப் பேச முடியாது.

கோவிலூரான்:

இது சரியான பேச்சு.

தேவகோட்டை ஆச்சி:

தம்பி, பொண்ணுகிட்ட சொல்லு, கட்டாயம் சொல்லு. மாமியாராகப் போறவுககிட்ட மட்டும் இப்ப சொல்லிக்கிட்டு இருக்காத, அவுகளுக்கு நிச்சயம் ஆகறதுக்குள்ள ஆயிரம் யோசனை. அது இருக்கட்டும், பொண்ணு வீடு எந்தக் கோயிலு? எந்த ஊரு?

வளவுப்பையன்:

இரணியூர்க் கோயில், ஆச்சி. பள்ளத்தூர்ப் பக்கம்.

தேவகோட்டை ஆச்சி:

பள்ளத்தூர்னா எனக்குத் தெரிஞ்சவுக இருக்காக, விசாரிக்கிறேன். அய்யா கருப்புச்சட்டை, சிரிக்காதீங்க, உங்க வீட்டுப் பிள்ளைகளுக்குப் பார்த்தப்ப நீங்க கேக்கலையாக்கும்?

கருப்புச்சட்டை (காரைக்குடி):

என் மக கல்யாணம் மேடைல மாலை மாத்தி நாலு பேர் வாழ்த்திப் பேசி முடிஞ்சுது ஆச்சி, கோயிலும் கேக்கல, ஜாதகமும் பாக்கல. சாப்பாடு மட்டும் நம்ம ஊர்ச் சாப்பாடு, கந்தரப்பம் வெள்ளைப் பணியாரம் எல்லாம் உண்டு. அதுல கொள்கை பார்க்க முடியுமா?